வாசல்ல யாரு? – குட்டி சர்வருக்கு ஒரு ஊர்க்காவல்

மக்களே, இது கொஞ்சம் டெக்னிக்கல் பதிவு. நீளமும் ஜாஸ்தி. டீயோ காபியோ கையில் எடுத்துக்கிட்டு உட்காருங்க.

பிளாக்ஸ்பாட்டில் எழுதுறவங்களுக்கு இது தேவைப்படாது. உங்க வீட்டு வாசலை கூகுள்காரன் பார்த்துக்கறான். சொந்தமா டொமைன் வாங்கி, மாசம் நாலஞ்சு யூரோ வாடகையில் ஒரு குட்டி சர்வர் எடுத்து, அதுல வேர்ட்பிரஸ் போட்டு ஓட்டுறவங்களுக்குத்தான் இதை எழுதறேன். நம்ம கூட்டத்தில் அப்படி நிறைய பேர் இருக்கீங்கன்னு தெரியும். "பொட்டி தட்டுறதே பொழப்பு, இதுல இதுவேறயா"ன்னு அலுத்துக்கறதும் தெரியும் :)

புதுசா ஒரு சர்வர் எடுங்க. டொமைன் பெயர் கொடுக்க வேண்டாம், யார்கிட்டயும் சொல்லவும் வேண்டாம். சும்மா ஆன் பண்ணி வச்சுட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு லாகின் லாகைப் பாருங்க. ரூட், அட்மின், டெஸ்ட், உபுண்டு, ஆரக்கிள், போஸ்ட்கிரெஸ், பை.. இப்படி ஒவ்வொரு பேராச் சொல்லி யாரோ கதவைத் தட்டிக்கிட்டே இருப்பாங்க. அதிகாலை மூணு மணிக்கும் தட்டுவாங்க, தீபாவளி அன்னிக்கும் தட்டுவாங்க.

யாரு இவங்க?

பெரும்பாலும் மனுஷங்களே கிடையாது. ஏற்கெனவே பறிபோன ரவுட்டர், கேமரா, யாரோ மறந்துபோன சர்வர் இதுலயெல்லாம் ஓடுற சின்ன நிரல்கள். 2016ல் வந்த மிராய் நினைவிருக்கா? அதுக்குள்ள இருந்தது 60 சொச்சம் பயனர்பெயர்-கடவுச்சொல் ஜோடிகள், அவ்வளவுதான். தொழிற்சாலையில் வச்ச கடவுச்சொல்லை யாரும் மாத்த மாட்டாங்க என்கிற ஒரே நம்பிக்கையில் டெல்நெட் கதவுகளைத் தட்டிக்கிட்டே போச்சு. அப்படிச் சேர்ந்த கேமராப் படையை வச்சு 2016 அக்டோபர் 21ல் டைன் என்கிற டிஎன்எஸ் நிறுவனத்தை அடிச்சாங்க. ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ், ரெட்டிட் எல்லாம் பலருக்கும் திறக்காமப் போச்சு. மிராயை எழுதினது பெரிய மாஃபியா எல்லாம் இல்லை. கல்லூரி வயசுப் பசங்க மூணு பேர் 2017 டிசம்பரில் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒத்துக்கிட்டாங்க.

"என் சர்வர்ல என்ன இருக்கு, நாலு கவிதையும் ரெண்டு சினிமா விமர்சனமும்தானே"ன்னு கேட்கலாம். அவங்களுக்கு உங்க கவிதை வேண்டாம். உங்க சிபியு வேணும், கிரிப்டோ காசு தோண்ட. உங்க ஐபி முகவரி வேணும், குப்பை மெயில் அனுப்ப. உங்க டொமைனோட நல்ல பேர் வேணும், போலி வங்கிப் பக்கம் வைக்க. அடுத்த வீட்டுக் கதவைத் தட்ட ஒரு திண்ணை வேணும்.

நான் இதை சீரியஸா எடுத்துக்கறதுக்குக் காரணம் இருக்கு. நாங்க நாலு பேர் சேர்ந்து வச்சிருக்கற சர்வர்ல ஒரு மூத்த பதிவரோட பத்து வருஷப் பதிவுகள் இருக்கு. அவர் இப்போ நம்மகூட இல்லை. அவர் வீட்டில் அனுமதி கேட்டு எடுத்து வச்சது. பழைய தளம் எப்பவோ காலாவதி ஆயிடுச்சு. என் பதிவு அழிஞ்சா நான் திரும்ப எழுதிக்கலாம். அவரோடது அழிஞ்சா யார் எழுதறது? பேக்கப் இருக்கு, வாராவாரம் போகுது. ஆனா அவர் பேர் போட்ட பக்கத்தில் ஒரு நாள் சூதாட்ட விளம்பரம் தெரிஞ்சா, அந்தக் குடும்பத்துக்கு என்ன பதில் சொல்றது?

சரி, மேட்டருக்கு வருவோம்.

முதல்ல பூட்டு, அப்புறம்தான் காவல்

காவல் மென்பொருள் போடறதுக்கு முன்னாடி எஸ்எஸ்ஹெச்ல கடவுச்சொல் வழி நுழைவையே நிறுத்துங்க. சாவிக்கோப்பு வழியா மட்டும்தான் உள்ளே வரணும். அப்புறம் எத்தனை லட்சம் கடவுச்சொல் முயற்சி வந்தாலும் அது காத்துல கத்தி வீசற மாதிரிதான்.

இதுல ஒரு பொடி இருக்கு. முதன்மை அமைப்புக் கோப்பில் கடவுச்சொல்லுக்கு "நோ" போட்டுட்டு நிம்மதியா இருப்போம். ஆனா எஸ்எஸ்ஹெச் ஒரு விஷயத்துக்கு முதல்ல கண்ணில் படுற மதிப்பைத்தான் எடுத்துக்கும், பின்னாடி வர்றதைக் கண்டுக்காது. உபுண்டுவில் துணைக்கோப்புகள் முதல்லயே உள்ளே இழுக்கப்படும். வாடகைக்குக் கொடுக்கறவங்க வைக்கிற க்ளவுட்-இனிட் துணைக்கோப்பு அங்கே "யெஸ்"னு சொல்லியிருந்தா, நீங்க கீழே எழுதினது வெறும் அலங்காரம். அதனால கோப்பைப் படிச்சு நம்பாதீங்க. வேற ஒரு கணினியிலிருந்து சாவி இல்லாம நுழைய முயற்சி பண்ணிப் பாருங்க. கடவுச்சொல் கேட்டா இன்னும் திறந்துதான் இருக்குன்னு அர்த்தம்.

ஃபெயில்2பேன் – நம்ம தெரு கூர்க்கா

2004ல் சிரில் ஜாக்கியே தொடங்கின திறமூல நிரல், பைத்தானில் எழுதினது. பேரே வேலையைச் சொல்லிடும். லாகைப் படிக்கும், தப்பா முயற்சி பண்ற ஐபியை எண்ணும், அளவு தாண்டினா ஃபயர்வால்ல அந்த ஐபிக்கு ஒரு தடை போடும். கூடவே வர்ற அமைப்புப்படி, 10 நிமிஷத்துக்குள்ள 5 தடவை தப்பினா 10 நிமிஷம் வெளியே நிக்கணும். திரும்பத் திரும்ப வர்றவங்களுக்கு "ரெசிடிவ்"னு ஒரு தனி ஜெயில் இருக்கு. அதை இயக்கிவிட்டா பழைய குற்றவாளிகள் ஒரு வாரம் உள்ளே. (ஜெயில்னுதான் அவங்களே பேர் வச்சிருக்காங்க, நான் வைக்கலை.)

மூணு விஷயம் மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க:

1. கூட வந்த அமைப்புக் கோப்பில் கைவைக்காதீங்க, அப்டேட் வந்தா அடிச்சுட்டுப் போயிடும். "லோக்கல்"னு முடியற தனிக் கோப்பில் எழுதுங்க.

2. 2023ல் வந்த டெபியன் 12ல் இருந்து, பழைய பாணி லாக் கோப்புகளை எழுதற ஆர்சிஸ்லாக் தானாக நிறுவப்படறதில்லை. ஃபெயில்2பேன் இல்லாத கோப்பைத் தேடிட்டு, கிளம்பவே மாட்டேன்னு படுத்துக்கும். பேக்எண்ட் என்கிற இடத்தில் சிஸ்டம்டினு போட்டா எழுந்துக்கும்.

3. முன்னாடி க்ளவுட்ஃபிளேர் மாதிரி ஒரு ஆள் நின்னா, உங்க லாகில் தெரியறது அவங்க ஐபி. உண்மையான ஐபியை லாகில் வர வைக்காம காவல் போட்டா, கூர்க்கா வாசகர்களைக் கொண்டுவந்து விடுற பஸ்ஸையே தடுத்துடுவார்.

வேர்ட்பிரஸ்காரங்களுக்குக் கூடுதலா ஒண்ணு. கடவுச்சொல் தப்பினாலும் வேர்ட்பிரஸ் லாகின் பக்கம் "200, எல்லாம் நலம்"னுதான் வெப் சர்வர்கிட்ட சொல்லும். சரியா அடிச்சாத்தான் 302 வரும். அதனால வெப் லாகில் 401, 403 மட்டும் தேடற காவலுக்கு இந்தத் திருடன் கண்ணில் படவே மாட்டான். இதுக்குன்னே இருக்கற நீட்சியைப் போடுங்க, அது ஒவ்வொரு தப்பையும் தனியா லாகில் எழுதும். அதேபோல எக்ஸ்எம்எல்-ஆர்பிசி என்கிற பழைய கதவு. 2015ல் அதுவழியா ஒரே கோரிக்கைக்குள்ள நூத்துக்கணக்கான கடவுச்சொற்களைத் திணிச்சு அனுப்பினாங்க. லாகில் ஒரே ஒரு வரிதான் இருக்கும், அஞ்சு வரை எண்ற கூர்க்காவுக்கு அது ஒண்ணுதான். வேர்ட்பிரஸ் 4.4ல் அந்த ஓட்டையை அடைச்சாங்க. இருந்தாலும் அந்தக் கதவை நீங்க உபயோகிக்கலைன்னா மூடியே வைங்க.

கூர்க்காவால் முடியாத இடம்

தட்டுறவனும் கணக்குப் போடத் தெரிஞ்சவன். ஒரே ஐபியிலிருந்து ஆயிரம் தடவை தட்டாம, ஆயிரம் ஐபியிலிருந்து ஆளுக்கு ரெண்டு தடவை தட்டறான். ரெண்டு தட்டு தட்டின எவனும் அஞ்சைத் தொடலை, அதனால கூர்க்கா பீடியைப் பத்த வச்சுக்கிட்டு பேசாம இருப்பார்.

ஐபிவி6 வந்தப்புறம் இன்னும் மோசம். ஒரு சாதாரண வாடிக்கையாளருக்குக் கொடுக்கற /64 துண்டுக்குள்ள மட்டும் ஏறத்தாழ 1.8 லட்சம் கோடி கோடி முகவரிகள். தப்பெழுத்து இல்லை, கோடி கோடிதான். ஒவ்வொண்ணாத் தடுத்துக்கிட்டிருந்தா பிரபஞ்சம் முடிஞ்சிடும். தடுத்தா மொத்தத் துண்டையும் தடுக்கணும்.

ஆனா யோசிச்சுப் பாருங்க. என் கதவை ரெண்டு தடவை தட்டினவன் உங்க கதவையும் ரெண்டு தடவை தட்டியிருப்பான், பக்கத்துத் தெருவிலும் தட்டியிருப்பான். ஒவ்வொரு வீட்டிலும் அவன் வழிப்போக்கன். எல்லா வீட்டுக் கணக்கையும் ஒண்ணா வச்சுப் பார்த்தாத்தான் திருடன்.

ஊர்க்காவல்

இந்த யோசனை புதுசு இல்லை. ஜோஹன்னஸ் உல்ரிக் 2000 நவம்பரில் டிஷீல்டைத் தொடங்கினார். உலகம் பூரா இருக்கறவங்க தங்களோட ஃபயர்வால் லாகை அனுப்ப, மொத்தமா எந்தக் கதவு தட்டப்படுதுன்னு பார்க்கற ஏற்பாடு. 2001ல் லினக்ஸ் டிஎன்எஸ் சர்வர்களைக் கடிச்ச லயன் புழுவை சீக்கிரம் அடையாளம் கண்டது இந்த மாதிரி கூட்டுப் பார்வையால்தான். அப்புறம் டினைஹோஸ்ட்ஸ் வந்தது. அதுவும் பைத்தான்தான், எஸ்எஸ்ஹெச்சை மட்டும் பார்க்கும், பிடிச்ச ஐபிகளை மத்த பயனர்களோட பகிர்ந்துக்கற வசதியும் இருந்தது. அது எழுதி வச்ச தடைக்கோப்பைப் படிக்கிற பழக்கத்தையே ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 2014ல், 6.7 பதிப்பில் விட்டுடுச்சு.

இப்போ அந்த வேலையைச் செய்யறது க்ரவுட்செக். பிரான்ஸ் நாட்டு நிறுவனம், கோ மொழியில் எழுதினது, எம்ஐடி உரிமம். இதோட அமைப்பை மூணு ஆளா நினைச்சுக்கங்க.

முதல் ஆள் லாக் படிக்கிறவர். அவர்கிட்ட "காட்சி"கள்னு ஒரு கட்டு இருக்கு. எஸ்எஸ்ஹெச் தட்டினா எப்படி இருக்கும், வேர்ட்பிரஸ் தட்டினா எப்படி இருக்கும், இல்லாத பக்கங்களை ஒருத்தன் வரிசையா மோப்பம் பிடிச்சா எப்படி இருக்கும்னு சமூகத்தில் பலர் யாமல் கோப்பா எழுதி வச்சது. எண்ற விதம் ஓட்டைக் குடம் மாதிரி. தப்பு ஒவ்வொண்ணும் ஒரு சொம்புத் தண்ணி, அடியில் ஓட்டை. எஸ்எஸ்ஹெச் குடத்துக்கு அஞ்சு சொம்பு கொள்ளளவு, பத்து செகண்டுக்கு ஒரு சொம்பு ஒழுகும். கடவுச்சொல்லை மறந்துட்டு ரெண்டு தடவை தடுமாறற மனுஷனோட குடம் தானா காலியாயிடும். விடாம அடிக்கிற பாட்டோட குடம் வழிஞ்சிடும். வழிஞ்சா நாலு மணி நேரம் தடை.

ரெண்டாவது ஆள் நடுவில் இருந்து முடிவுகளைக் குறிச்சு வைக்கிறவர். இவர் 8080 கதவில் உட்காருவார். உங்க வேற ஏதாவது செயலி அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருந்தா சண்டை வரும், எண்ணை மாத்திக்கங்க.

மூணாவது ஆள் பவுன்சர். கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்றவர் இவர்தான். இவரைத் தனியா நிறுவணும்! க்ரவுட்செக்கை மட்டும் போட்டுட்டு பவுன்சரை மறந்தா, "இவன் திருடன், அவன் திருடன்"னு நோட்டில் அழகா எழுதிக்கிட்டே இருக்கும், ஒருத்தனையும் தடுக்காது.

இதுக்கும் மேல ஊர்ப் பட்டியல். உங்க சர்வர் பிடிச்ச ஐபி, எந்தக் காட்சியில் மாட்டினான், எப்போ – இந்த மூணும் மையத்துக்குப் போகும். லாக் வரிகள் போகாது. பதிலுக்கு எல்லாரும் சேர்ந்து பிடிச்ச பட்டியல் உங்களுக்கு வரும். கொடுக்கறவங்களுக்குப் பெரிய பட்டியல், வாங்க மட்டும் செய்யறவங்களுக்குச் சின்னது. மொய் எழுதற கணக்குதான்.

"நான் உங்க ஐபியைத் திருடன்னு பொய்யா எழுதி அனுப்பினா?"ன்னு கேட்கறீங்களா? நல்ல கேள்வி. ஒருத்தர் சொன்னதும் பட்டியலில் ஏறிடாது. புதுசா வந்தவங்க சொல்லுக்கு மதிப்பு குறைவு, நாள்பட ஒழுங்கா அனுப்பறவங்களுக்குக் கூடும். பல இடத்திலிருந்து, பலதரப்பட்ட வலைகளிலிருந்து அதே பேர் வரணும். அவங்களே வச்சிருக்கற பொறி சர்வர்களோட கணக்கும் சேரும். ஆனா கவனிங்க: நிரல் திறமூலம்தான், அந்த மையம் ஒரு நிறுவனத்தோட கையில் இருக்கு. பட்டியல் எப்படித் தயாராகுதுன்னு நிரலைப் படிக்கிற மாதிரி நம்மால் படிக்க முடியாது. அது பிடிக்கலைன்னா பகிர்வை நிறுத்திட்டு உள்ளூர்க் காவலா மட்டும் ஓட்டலாம்.

தப்பில்லாதவன் வாசலில் நின்னா

எனக்கு மனசை உறுத்தற இடம் இது. நம்ம வாசகர்கள் பெரும்பாலும் ஊரில், மொபைலில் படிக்கிறாங்க. ஐபிவி4 முகவரி பற்றாக்குறையால் மொபைல் நிறுவனங்கள் ஒரே பொது முகவரிக்குப் பின்னாடி ஏகப்பட்ட பேரை உட்கார வைக்குது. சர்வர் கண்ணுக்கு அத்தனை பேரும் ஒரே ஆள். அதுல ஒருத்தர் போனில் ஒரு திருட்டுச் செயலி ஓடினா, மொத்தத் தெருவும் திருடன் பட்டியலில்.

ஒரு நாள் அப்பா கூப்பிட்டார். "என்னடா, உன் சைட் தொறக்கவே மாட்டேங்குது. அம்மா போன்லயும் அதேதான்."

பார்த்தா, அவங்க மொபைல் நிறுவனத்தோட ஒரு பொது ஐபி ஏதோ ஒரு வெளிப்பட்டியலில் ஏறியிருந்தது. அப்பாவுக்கு என்னைக் கூப்பிட நம்பர் தெரியும். உடுமலையிலோ வவுனியாவிலோ இருந்து முதல் தடவையா நம்ம பதிவைப் படிக்க வர்றவருக்கு யாரைக் கேட்கத் தெரியும்? "ஓ, தளம் செத்துப்போச்சு போல"ன்னு போயிடுவார். நம்ம லாகில் அது ஒரு வெற்றியாப் பதிவாகும்!

அதனால இப்போ எங்க சர்வர்ல இப்படி வச்சிருக்கோம். எஸ்எஸ்ஹெச் கதவுக்கு ஊர்ப் பட்டியல் அப்படியே, தயவு தாட்சண்யம் கிடையாது. அங்கே வர வேண்டியவங்க நாலே பேர். வேர்ட்பிரஸ் லாகின் பக்கத்துக்கும் அதே. படிக்கிற பக்கங்களுக்கு மட்டும் முழுத்தடை கிடையாது. சந்தேகம் வந்தா பவுன்சர் கேப்ட்சா காட்டும், மனுஷனா இருந்தா ஒரு க்ளிக்கில் உள்ளே வரலாம். நாடு நாடாத் தடுக்கறதை நாங்க செய்யறதில்லை. "அந்த நாட்டிலிருந்துதான் நிறைய தாக்குதல் வருது"ன்னு ஒரு வரியில் சொல்லிடலாம், அந்த நாட்டில் நம்ம ஆள் ஒருத்தர் ராத்திரி ஷிஃப்ட் முடிச்சுட்டுப் படிச்சுக்கிட்டிருப்பார்.

இன்னொரு பக்கமும் இருக்கு. ஐபி என்கிறது வெறும் எண்ணா, ஒரு ஆளோட விவரமா? நான் இருக்கற ஜெர்மனியில் பாட்ரிக் பிரேயர் என்பவர் அரசாங்கத் தளங்கள் ஐபியைச் சேமிக்கறதை எதிர்த்து வழக்குப் போட்டார். மாறிக்கொண்டே இருக்கும் ஐபி கூட தனிநபர் விவரமாகலாம்னு ஐரோப்பிய நீதிமன்றம் 2016 அக்டோபர் 19ல் சொல்லுச்சு. தளத்தைக் காப்பாத்தறது நியாயமான தேவையா இருக்க முடியும்னும் அதே தீர்ப்பு ஒத்துக்கிட்டது. நான் எடுத்துக்கிட்ட பாடம்: தேவையானதை மட்டும் வை, லாகை வருஷக்கணக்கில் சேர்த்து வைக்காதே, பகிர்றதைத் தளத்தில் ஒரு வரி எழுதி வை.

காவல் எவ்வளவு தூரம் தாங்கும்?

2024ல் ரெண்டு சம்பவம். ஜூலை 1ல் குவாலிஸ் ஆட்கள் ஓப்பன்எஸ்எஸ்ஹெச்ல "ரெக்ரெஸ்எஸ்ஹெச்அயன்" என்கிற ஓட்டையை வெளியிட்டாங்க. 32 பிட் லினக்ஸ்ல அது பலிக்க சராசரியா 10,000 முயற்சி, ஆறிலிருந்து எட்டு மணி நேரம் வேணும். அவ்வளவு தடவை ஒருத்தன் தட்டறதைக் காவல் பார்த்துடும். இந்த மாதிரி இடத்தில் காவல் நேரம் வாங்கிக் கொடுக்கும், நாம அப்டேட் போட்டுக்கலாம். அதே நாள் வந்த 9.8 பதிப்பில், தொந்தரவு பண்ற முகவரியைக் கொஞ்ச நேரம் தள்ளி வைக்கிற வசதியை ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சே உள்ளுக்குள்ள சேர்த்துக்கிட்டது.

ரெண்டாவது, மார்ச் 29ல் வெளிவந்த எக்ஸ்இசட் விவகாரம். "ஜியா டான்"னு பேர் வச்சுக்கிட்டு ஒரு ஆள் ரெண்டு வருஷத்துக்கும் மேல நல்ல பிள்ளையா ஒட்டு அனுப்பி, பராமரிப்பாளர் ஆகி, உள்ளேயே ஒரு ரகசியக் கதவு வச்சுட்டார். அது வழியா வர்றவன் தட்டவே மாட்டான். லாகில் ஒரு தப்பும் இருக்காது. ஃபெயில்2பேன், க்ரவுட்செக் எதுவும் ஒண்ணும் செய்திருக்க முடியாது. கண்டுபிடிச்சது ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்கிற போஸ்ட்கிரெஸ் நிரலர். தப்பான பேரைச் சொல்லி உடனே தோத்துப்போற சாதாரண முயற்சிகளுக்குக் கூட எஸ்எஸ்ஹெச் ஏன் இவ்வளவு சிபியு தின்னுதுன்னு யோசிச்சார், லாகினுக்கு அரை செகண்ட் கூடுதலா ஆகறதைத் துருவினார். நாம கொசு மாதிரி நினைக்கிற அந்தத் தட்டல்கள்தான் அவருக்குத் துப்புக் கொடுத்தது!

சமூகத்தை நம்பித்தான் இத்தனையும் நிக்குது, அந்த நம்பிக்கைக்குள்ளயே ஒருத்தன் புகுந்தான், அதையும் சமூகத்தில் ஒருத்தர்தான் பிடிச்சார். அந்த எக்ஸ்இசட் நிரலை வருஷக்கணக்கா ஒத்தை ஆளா, சம்பளமில்லாமப் பார்த்துக்கிட்டவர் சோர்ந்துபோன நேரத்தில்தான் இது நடந்தது. ஆகவே "ஓசியில் கிடைக்குது"ன்னு மட்டும் இருக்காம, முடிஞ்சா ஏதாவது திருப்பிக் கொடுங்க. நிரல் எழுதத் தெரியலைன்னா தமிழில் ஒரு விளக்கம் எழுதுங்க. பட்டியலில் தப்பா ஏறின ஐபியைச் சுட்டிக் காட்டினாலும் உதவிதான்.

இந்த வாரக்கடைசி வேலை

1. முதல் வேலை பேக்கப். சர்வருக்கு வெளியே ஒரு பிரதி. திரும்ப எடுத்து விரிச்சுப் பார்த்தாத்தான் அது பேக்கப்.
2. எஸ்எஸ்ஹெச்ல சாவி மட்டும். வெளியிலிருந்து சோதிங்க.
3. பாதுகாப்பு அப்டேட்கள் தானா வரட்டும்.
4. ஃபெயில்2பேன் இல்லைன்னா க்ரவுட்செக், ஏதாவது ஒண்ணு. ஒரே ஒரு சர்வர், எஸ்எஸ்ஹெச் மட்டும்னா ஃபெயில்2பேன் தாராளமாப் போதும். வேர்ட்பிரஸும் ஊர்ப் பட்டியலும் வேணும்னா க்ரவுட்செக்.
5. நீங்க வழக்கமா வர்ற ஐபியை விலக்குப் பட்டியலில் போடுங்க. உங்க வீட்டுக்கு வெளியே நீங்களே நிக்க வேண்டாம்.
6. தடுக்கப்பட்டவங்க பார்க்கற பக்கத்தில் தமிழில் ரெண்டு வரியும் ஒரு மின்னஞ்சல் முகவரியும் வைங்க. தப்பா மாட்டினவருக்கு அது ஒண்ணுதான் வழி.

ஆறாவதை எங்க சர்வர்ல போன மாசம்தான் சேர்த்தோம். நிறுவும்போது எங்கேயாவது முட்டிக்கிட்டா பின்னூட்டத்தில் கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன். பரீட்சை நேரம், ரெண்டு நாள் தாமதமானா கோவிச்சுக்காதீங்க. வர்ட்டா..